இலையானின் காது மாதிரி மைக் செய்யப் பாத்தன், இரைச்சல்தான் வருது. வழி சொல்லுங்கோ

மெயின் வீதி போன் கடை:

எல்லாருக்கும் வணக்கம். திருகோணமலையில போன் திருத்துற கடை வச்சிருக்கிறன். பதினாலு வருசமா மைக்கும் ஸ்பீக்கரும் மாத்திறதுதான் வேலை, அதால எவ்வளவு சின்னச் சாமான் எண்டாலும் சொல்டர் பண்ணுவன். கணக்குப் பக்கம்தான் எனக்குத் துணை வேணும்.

விசயம் அப்பாவுக்காக. அவருக்கு 71 வயசு. முப்பத்தைஞ்சு வருசம் மீன்பிடி வள்ளங்களின்ர டீசல் எஞ்சின் திருத்தினவர், காதுக்கு ஒண்டும் போடாமல். இப்ப ஆம்பிளையளின்ர தாழ்ந்த குரல் கேக்கும், சின்னப் பிள்ளையளின்ர கதை பிடிபடாது. காது மிஷின் ஒண்டு வாங்கிக் குடுத்தம். ஒரு வருசத்தில உப்புக்காத்துப் பட்டு பற்றரித் தகடு பச்சை பிடிச்சுப் போச்சு. வித்த இடத்தில கொண்டுபோய்க் குடுத்தால் "புதுசு வாங்குங்கோ" எண்டிச்சினம். இப்ப அது லாச்சிக்குள்ள கிடக்குது.

போன மாசம் கோணேசர் கோயிலுக்குப் போற வழியில, கோட்டை வாசல் தாண்டி மான் நிக்கிற இடத்தில, என்ர மகள் கேட்டாள்: "அப்பப்பா, மான் என்ன சாப்பிடும்?" அவளுக்கு 5 வயசு. அப்பா சிரிச்சுக்கொண்டு "ஓம், ஓம்" எண்டார். அவள் திருப்பிக் கேட்டாள். திருப்பியும் "ஓம்". மூண்டாந்தரம் அவள் கேக்கேல்லை. வந்து என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு பேசாமல் நடந்தாள். அண்டைக்கு இரவு தொடங்கினதுதான் இந்த வேலை.

அமெரிக்காவில ஒரு இலையான் (ஈ) இருக்காம், ஓர்மியா எண்டு பேர். இருட்டில கத்துற சுவர்க்கோழியைச் சத்தத்தை வச்சே தேடிப் பிடிக்குமாம். அதின்ர ரெண்டு செவிப்பறைக்கும் இடையில அரை மில்லிமீற்றர்தான் தூரம், ஆனா திசையை 2 பாகை அளவுக்குச் சரியாக் கண்டுபிடிக்குமாம். அதை வாசிச்ச உடனே, ரெண்டு மைக்கைக் கிட்டக்கிட்ட வச்சு ஒண்டிலயிருந்து மற்றதைக் கழிச்சால் முன்னால கதைக்கிற ஆளின்ர சத்தம் மட்டும் வரும் எண்டு நினைச்சன்.

ஐஎன்எம்பி441 எண்ட சின்ன டிஜிட்டல் மைக் ரெண்டு, ஈஎஸ்பி32 எண்ட சின்னக் கொம்பியூட்டர் பலகை ஒண்டு. முதல் 15 மில்லிமீற்றர் இடைவெளியில வச்சன், பக்கவாட்டுச் சத்தம் கொஞ்சம் குறைஞ்சுது. இலையான் மாதிரி இன்னும் கிட்ட வைப்பம் எண்டு ஹொட் எயாரால மைக்கைக் கழட்டி 5 மில்லிமீற்றருக்குக் கொண்டுவந்தன். இப்ப 'ஸ்ஸ்' எண்ட இரைச்சல்தான் பெருசா வருது. குரல் மெலிஞ்சு, தகரத்துக்குள்ள இருந்து கதைக்கிற மாதிரிக் கேக்குது. எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒண்டுதான், திசையே இல்லை.

இலையானுக்கு அரை மில்லிமீற்றர் போதும் எண்டால் எனக்கு 5 ஏன் காணாது? எங்க பிழைக்கிறன்?

ஓய்வுபெற்ற பௌதிகவியல்:

தம்பி, நான் ஓர்ஸ் ஹில்லில் வளர்ந்தவன். உயர்தர மாணவர்களுக்கு 30 வருடம் பௌதிகவியல் படிப்பித்தேன். உமது சொல்டரில் பிழை இல்லை. இடத்தைக் குறுக்கியதுதான் பிழை. ஏன் என்று பார்ப்போம்.

எங்கள் ஊர் வெக்கையில், 30 பாகை என்று வைத்தால், ஒலி செக்கனுக்கு 349 மீற்றர் போகும். ஆள் கதைக்கும்போது 500 ஹேர்ட்ஸ் பகுதியில் நிறையச் சக்தி இருக்கிறது. அதன் அலைநீளம் 70 சென்ரிமீற்றர். அந்த நீண்ட அலையில் 5 மில்லிமீற்றர் தள்ளி இரண்டு புள்ளியை எடுத்தால் இரண்டிலும் அமுக்கம் கிட்டத்தட்ட ஒன்றே. ஒரு மைக்கில் வருவது 100 பங்கு என்றால், கழித்த பிறகு மிஞ்சுவது நாலரைப் பங்கு. நீர் முதலில் வைத்திருந்த 15 மில்லிமீற்றரில் பதின்மூன்றரைப் பங்கு மிஞ்சியது. அதனால்தான் அது ஓரளவு வேலை செய்தது.

இரைச்சல் என்ன செய்கிறது? ஒவ்வொரு மைக்கும் தனக்குள் தானே ஓர் இரைச்சலை உண்டாக்குகிறது. இரண்டின் இரைச்சலுக்கும் ஒன்றோடொன்று தொடர்பில்லை, ஆகவே கழித்தாலும் அது குறையாது, 3 டெசிபெல் (சத்தத்தை அளக்கும் அலகு) கூடும். குரல் 27 டெசிபெல் இறங்கிவிட்டது, இரைச்சல் 3 டெசிபெல் ஏறிவிட்டது. இறங்கிய குரலைத் தூக்க நீர் சத்தத்தைக் கூட்டுகிறீர், கூட வருவது இரைச்சல். தகரக் குரலுக்கும் காரணம் இதுதான். கழித்தலில் தாழ்ந்த சுருதிகள்தான் கூடுதலாக அடிபடும், சுருதி பாதியானால் 6 டெசிபெல் போகும்.

திசை போனதற்குக் காரணம் வேறு. ஒரே பெட்டியில் வாங்கிய இரண்டு மைக்குக்கும் உணர்திறன் ஒன்றாக இராது. 1 டெசிபெல் விலகினால் அது 100க்கு 12 பங்கு. நீர் தேடும் வித்தியாசமோ நாலரை. அந்தப் 12 எந்தப் பக்கத்துச் சத்தத்துக்கும் ஒரே மாதிரி மிஞ்சி நிற்கும், உண்மையான நாலரை அதற்குள் மூழ்கிப்போகும்.

இனி இலையானுக்கு வருவோம். அந்தப் பெண் இலையான் ஆண் சுவர்க்கோழியின் பாட்டைக் கேட்டு வந்து அதன் மேல் தன் புழுக்களை இடும். புழு உள்ளே போய் அதைத் தின்றே வளரும். பாட்டுக் கேட்டுத்தான் வருகிறது என்பதை 1975இல் வில்லியம் கேட் காட்டினார். பாட்டின் சுருதி ஏறத்தாழ 5 கிலோஹேர்ட்ஸ், அலைநீளம் 7 சென்ரிமீற்றர். அரை மில்லிமீற்றர் இடைவெளியில் ஒரு காதுக்கும் மறு காதுக்கும் ஒலி வரும் நேர வித்தியாசம் ஆகக் கூடியது ஒன்றரை மைக்ரோ செக்கன். எங்கள் தலைக்கு அது 600க்கு மேல். ஒன்றரை மைக்ரோ செக்கனை நரம்பு நேரே பிரித்தறிவது மிகக் கடினம்.

அதனிடம் உள்ள உபாயத்தை 1995இல் ரொனால்ட் மைல்ஸ், டானியல் றொபேட், ரொனால்ட் ஹோய் மூவரும் அளந்து எழுதினார்கள். இரண்டு செவிப்பறையையும் ஒரு விறைத்த சிறு பாலம் இணைக்கிறது. நடுவில் ஊன்றிய சீசோ பலகையை நினைத்துக்கொள்ளும். பலகை இரண்டு விதமாக ஆடலாம். ஒன்று, ஒரு நுனி ஏற மறுநுனி இறங்கும் ஆட்டம், இதன் இயல்பான அதிர்வு ஏறத்தாழ 7 கிலோஹேர்ட்ஸ். மற்றது, பலகை நடுவில் வளைந்து இரண்டு நுனியும் சேர்ந்து ஏறி இறங்கும் ஆட்டம், ஏறத்தாழ 31 கிலோஹேர்ட்ஸ். ஒலி ஒரு பக்கத்தால் வரும்போது இந்த இரண்டு ஆட்டமும் கிட்ட உள்ள நுனியில் ஒன்றோடொன்று கூடும், தூர உள்ள நுனியில் ஒன்றையொன்று தின்றுவிடும். ஒன்றரை மைக்ரோ செக்கன் வித்தியாசம் செவிப்பறை அசைவில் 50 மைக்ரோ செக்கனாக நீள்கிறது, அசைவின் அளவு 10 டெசிபெல் வரை விலகுகிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. இலையான் கழித்துவிட்டுத்தான் கேட்கிறது. நீர் கேட்டுவிட்டுக் கழிக்கிறீர். அதன் கழித்தல் பாலத்தில், அசைவாகவே நடந்து முடிகிறது. நரம்பின் இரைச்சல் அதற்குப் பிறகுதான் சேர்கிறது. உமது பலகையில் இரண்டு மைக்கும் முதலில் தங்கள் இரைச்சலைச் சேர்த்து மின்னாக்கிவிடுகின்றன, கழித்தல் பிறகு வருகிறது.

மைல்ஸ் பின்னர் பிங்ஹம்ரன் பல்கலைக்கழகத்தில் 1 மில்லிமீற்றருக்கு 2 மில்லிமீற்றர் அளவான பொலிசிலிக்கன் சவ்வொன்றை நடுவில் ஊன்றி, அதன் ஆட்டத்தை ஒளியால் அளந்து, இரைச்சல் குறைந்த மைக் ஒன்றை ஆக்கினார். 2009இல் அது வெளிவந்தது. அதை வீட்டில் செய்ய முடியாது. சிலிக்கனைச் செதுக்கும் கூடம் வேண்டும்.

ஆனால் உமக்கு வேண்டியது இலையானின் காதல்ல, அது பிடிக்கும் சுவர்க்கோழியின் காது. அது கடையில் கிடைக்கும்!

சுவர்க்கோழியின் காது முன்னங்காலில் இருக்கிறது. அதன் செவிப்பறைக்கு வெளியேயிருந்தும் ஒலி வருகிறது, உடலுக்குள் ஓடும் மூச்சுக்குழாய் வழியாகப் பின்பக்கத்துக்கும் வருகிறது. ஒரே சவ்வு, இரண்டு வாசல். சவ்வு அசைவது இரண்டு பக்க அமுக்கத்தின் வித்தியாசத்துக்கு. கழித்தல் அங்கேயும் அசைவிலேயே முடிகிறது. ஒரு பக்கத்துச் சத்தத்தைக் கூடுதலாக எடுக்கும் 'ஒரு திசை மைக்' முழுக்க இந்த ஏற்பாடுதான். முன்னால் ஒரு வாசல், பின்னால் சில துளைகள், பின் துளைக்குள் ஒரு மெல்லிய துணி. அந்தத் துணியும் உள்ளிருக்கும் காற்றறையும் பின்னால் வரும் ஒலியைச் சற்றுத் தாமதப்படுத்தும்.

கோயில் திருவிழாவில் அறிவிப்பாளர் மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடித்ததும் ஒலிபெருக்கி 'கூ' என்று ஊளையிடுவதைக் கேட்டிருப்பீர். கை பின் துளைகளை மூடிவிட்டது. கழிக்க ஒன்றும் இல்லை, மைக் எல்லாப் பக்கமும் கேட்கத் தொடங்கிவிட்டது. பத்திரகாளி அம்மன் கோயில் வீதியில் நின்று நான் மாணவர்களுக்கு இதைத்தான் விளங்கப்படுத்துவேன்.

பழைய கரோக்கி மைக் அல்லது ஒரு திசை எலெக்ரெட் கப்சியூல் (மைக்கின் உள்ளே சத்தத்தைப் பிடிக்கும் சிறு துண்டு) ஒன்று எடும். சாதாரண கப்சியூலின் முதுகு மூடியிருக்கும், இதன் முதுகில் துளை இருக்கும். பெட்டிக்குள் வைத்துப் பசை பூசி முதுகை அடைத்துவிடாதீர்.

இரண்டு மைக்கோடுதான் செய்வேன் என்றால் இடைவெளியை 14.5 மில்லிமீற்றராக்கும். 48 கிலோஹேர்ட்ஸில், அதாவது செக்கனுக்கு 48,000 தடவை அளந்து பதியும்போது, ஒலி அந்தத் தூரம் போக எடுப்பது சரியாக இரண்டு மாதிரி (அளவீடு) நேரம். பின்பக்க மைக்கை இரண்டு மாதிரி தாமதித்துக் கழித்தால் நேர் பின்னாலுள்ள சத்தம் அடங்கும். ஆனால் முதலில் இரண்டையும் ஒரே ஸ்பீக்கருக்குச் சம தூரத்தில் வைத்து அளவைச் சரிபார்த்துக்கொள்ளும்.

செவிப்புலன் பகுதி:

தம்பி, நான் காது பரிசோதிக்கிற வேலையில இருக்கிறன். ஐயா சொன்ன பௌதிகத்தில நான் தலையிடேல்லை. அப்பாவைப் பற்றித்தான் ரெண்டு சொல்லணும்.

மைக் எவ்வளவு திறமா திசை பாத்தாலும் அதுக்கு ஒரு எல்லை இருக்கு. நாலு பக்கமும் சத்தம் உள்ள இடத்தில ஒரு நல்ல ஒரு திசை மைக்கால 5 டெசிபெல் அளவுதான் லாபம். தூரத்தைக் குறைச்சால் என்ன கிடைக்கும் எண்டு பாருங்கோ. திறந்த இடத்தில தூரம் பாதியானால் 6 டெசிபெல். பிள்ளை ரெண்டு மீற்றரில நிண்டு கதைக்கிறதை 25 சென்ரிமீற்றரில எடுத்தால் 18 டெசிபெல். மைக்கை அப்பாவின்ர நெஞ்சில மாட்டாதேங்கோ, பிள்ளையின்ர சட்டைக் கழுத்தில மாட்டுங்கோ. வகுப்பறையில காது கேக்காத பிள்ளையளுக்கு ரீச்சரின்ர கழுத்தில மைக் போடுறது இதுக்காகத்தான்.

அடுத்தது கவனம். எஞ்சின் சத்தத்தால போன காதுக்கு மெல்லிய சத்தம் கேக்காது, ஆனா பெரிய சத்தம் மற்றவையைப் போலவே உறைக்கும். நீங்கள் செய்யிற பெட்டியில உச்ச அளவைக் கட்டாயம் கட்டுப்படுத்துங்கோ. ஒரு கோப்பை விழுந்து உடைஞ்சால் அந்தச் சத்தம் அப்படியே பெருத்து இயர்போனுக்குள்ள போகக்கூடாது. காதில மிச்சமிருக்கிற கேக்கிற திறனும் போயிடும்.

முதல் வேலையா அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்க் காதில குறும்பி அடைச்சிருக்கோ எண்டு பாருங்கோ. பிறகு கேட்டல் பரிசோதனை செய்யுங்கோ. எந்தச் சுருதியில எவ்வளவு போயிருக்கு எண்டு தெரியாமல் சத்தத்தைக் கூட்டுறது கண்ணைச் சோதிக்காமல் கண்ணாடி போடுற மாதிரி. லாச்சிக்குள்ள கிடக்கிற மிஷினையும் கொண்டு போங்கோ. தகட்டில உள்ள பச்சையைத் துடைச்சு எடுக்கேலுமோ எண்டு பாக்கலாம். இனிமேல் இரவில மூடி இறுகின போத்தலுக்குள்ள சிலிக்கா பக்கெற் போட்டு வையுங்கோ. கடற்கரை ஊரில எல்லாருக்கும் நான் இதைத்தான் சொல்லுறது.

நிலாவெளி ஒலிப்பதிவு:

நான் பறவைச் சத்தம் பதியிற ஆள். ஐயாவும் அக்காவும் காத்தைப் பற்றிச் சொல்லேல்லை, எனக்கு அதுதான் பெரிய கரைச்சல்.

கழிக்கிற மைக் எதுவா இருந்தாலும், ரெண்டு துளை உள்ள கப்சியூல் எண்டாலும், ரெண்டு மைக் எண்டாலும், காத்து எண்டால் துடிக்கும். தூரத்துச் சத்தம் ரெண்டு வாசலுக்கும் ஏறக்குறைய ஒரே அளவா வரும், அதால கழிபடும். காத்துச் சுழி அப்பிடியில்லை. ஒரு வாசலில ஒரு சுழி, ஒரு சென்ரிமீற்றர் தள்ளி மற்ற வாசலில வேற சுழி. கழிச்சால் முழுசா மிஞ்சும். தாழ்ந்த சுருதியைத் தூக்கிக் குடுக்கிற சேர்க்கிட்டும் இருந்தால் காதுக்குள்ள மேளம் அடிச்ச மாதிரி இருக்கும். வைகாசியில கச்சான் காத்து எழும்பினால் ஆவணி மட்டும் நான் திசை மைக்கை வெளியில எடுக்கிறதே குறைவு. வீட்டுக்குள்ள எண்டாலும் சீலிங் ஃபானுக்குக் கீழ இருந்து சோதிக்காதேங்கோ. நல்லாச் செய்த சாமானைப் பிழை எண்டு நினைப்பியள்.

நுளம்பின்ர காதையும் ஒருக்கா யோசிச்சுப் பாருங்கோ. அதுக்குச் செவிப்பறையே இல்லை. ஆண் நுளம்பின்ர தலையில இறகு மாதிரி ரெண்டு உணர்கொம்பு இருக்கும். சத்தம் வரேக்க காத்துத் துணிக்கை முன்னுக்குப் பின்னுக்கு ஆடுமே, அதோட சேந்து அந்த இறகும் ஆடும். அடியில ஏறத்தாழ 15,000 உணர்கலம் அதைப் பிடிக்கும். அமுக்கம் திசை இல்லாதது, அசைவுக்குத் திசை உண்டு. அதால அங்க கழிக்கவே தேவையில்லை. மைல்ஸின்ர ஆக்கள் 2017இல சிலந்தி நூலில இதைச் செய்து காட்டினவை. அரை மைக்ரோமீற்றர் தடிப்பான நூல், 1 ஹேர்ட்ஸிலயிருந்து 50 கிலோஹேர்ட்ஸ் வரைக்கும் காத்தின்ர அசைவோட ஒட்டி ஆடிச்சு. அதை வாசிச்ச அண்டு விடிய எழும்பி, எங்கட வேலியில பனி கோத்த சிலந்தி வலை ஒண்டுக்கு முன்னால போய் நிண்டு "ஊ" எண்டு பாத்தன். கண்ணுக்கு ஒண்டும் தெரியேல்லை. ஆனா அது ஆடியிருக்கும் எண்டு இப்ப எனக்குத் தெரியும்.

மெயின் வீதி போன் கடை:

ஐயா, அக்கா, நிலாவெளி அண்ணை, மூண்டு பேருக்கும் நன்றி. பதினெட்டு நாளுக்குப் பிறகு எழுதுறன், சும்மா இருக்கேல்லை.

முதல் அக்கா சொன்னபடி. அப்பாவின்ர வலது காதில குறும்பி அடைச்சிருந்தது, எடுத்திட்டினம். பரிசோதனைத் தாளைப் பாத்தன். 1 கிலோஹேர்ட்ஸ் மட்டும் பரவாயில்லை, 3க்கு மேல கோடு மளார் எண்டு கீழ விழுந்து 4இல ஆகக் கீழ போகுது. "எஞ்சின் சத்தம் கேட்ட ஆக்களின்ர தாள் இப்பிடித்தான் இருக்கும்" எண்டு அங்க சொன்னவை. அப்பா அந்தத் தாளை வாங்கி மடிச்சுச் சட்டைப் பையுக்குள்ள வச்சுக்கொண்டார். பழைய மிஷின்ர தகட்டைத் துடைச்சும் சரிவரேல்லை.

பிறகு என்ர ரெண்டு மைக்கையும் ஐயா சொன்ன மாதிரி ஒரே ஸ்பீக்கருக்கு முன்னால வச்சு அளந்தன். 1.7 டெசிபெல் வித்தியாசம்! இவ்வளவு நாளும் அந்த வித்தியாசம்தான் திசையை மூடி மறைச்சிருக்கு, நான் சும்மா திருப்பித் திருப்பிப் பாத்திருக்கிறன். அளவைச் சமப்படுத்தி, 14.5 மில்லிமீற்றர், ரெண்டு மாதிரி தாமதம். பின்னால நிண்டு கதைச்ச மனிசியின்ர குரல் நல்லா அடங்கிச்சு. இரைச்சல் இன்னும் இருக்கு, ஆனா முந்தின மாதிரி இல்லை.

அதுக்குப் பிறகு கடையில கிடந்த பழைய கரோக்கி மைக்கைத் திறந்து கப்சியூலை எடுத்தன். முதுகில துளையும் அதுக்குள்ள சாம்பல் நிறத் துணியும். ஐயா, விரலால பொத்திப் பின்னால நிண்டு கதைச்சுப் பாத்தன், எடுத்துப் பாத்தன், அஞ்சாறு தரம் செய்தன். விரலை எடுக்கேக்க பின்சத்தம் விழுறது கண்ணால பாக்கிற மாதிரி இருந்தது. என்ர ரெண்டு மைக்கை விட இதில இரைச்சல் குறைவு.

இப்ப உள்ள சாமான் இதுதான்: அந்தக் கப்சியூல், சின்ன அம்ப்ளிஃபையர், உச்ச அளவுக்கு ஒரு கட்டுப்பாடு, 3 கிலோஹேர்ட்ஸுக்கு மேல கொஞ்சம் தூக்கல், 3 மீற்றர் வயர், இயர்போன். புளூடூத் போட்டுப் பாத்தன். வாய் அசைஞ்சு முடிஞ்ச பிறகுதான் குரல் வந்துது. அப்பா வாயைப் பாத்து விளங்குற ஆள், அது அவரைக் குழப்பிச்சு. அதால வயர்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் விறாந்தையில ஃபானை நிப்பாட்டிப் போட்டு, மகளின்ர சட்டைக் கழுத்தில துணி காயப்போடுற கிளிப்பால மைக்கை மாட்டினன். அவளுக்கு நான் ஒண்டும் சொல்லிக் குடுக்கேல்லை. அவளா மானைத்தான் கேட்டாள். அப்பா காதில கையை வச்சுக்கொண்டு கொஞ்ச நேரம் அவளைப் பாத்தார். பிறகு சொன்னார்: "புல்லுத் தின்னும். இலை தின்னும். ஆனா கோட்டை மான் ஆக்கள் குடுக்கிற வாழைப்பழத் தோலும் தின்னும், அது கூடாது." அவள் அடுத்து ஏன் கூடாது எண்டு கேட்டாள். இருபது நிமிசம் கதைச்சினம். நான் குசினிக்குள்ள போய் நிண்டன்.

இப்ப அவர் டச்சு பே மதிலில இருந்து கூட்டாளிமாரோட கதைக்க இதைக் கொண்டு போகக் கேக்கிறார். அங்க காத்து. அண்ணை சொன்ன மாதிரியே, நேற்றுக் கொண்டுபோய்ப் பாத்தம், ஒண்டும் கேக்கேல்லை. நுரைப்பஞ்சு ஒண்டு சுத்தினன், பாதிதான் அடங்குது. என்ன செய்யலாம்?

நிலாவெளி ஒலிப்பதிவு:

பஞ்சைக் கப்சியூலோட ஒட்டச் சுத்தினால் பலனில்லை. காத்து பஞ்சின்ர தோலில சுழிக்கும், அந்தச் சுழி மைக்கிலயிருந்து தள்ளி இருக்க வேணும். தேயிலை வடிக்கிற சின்னக் கம்பி வலை ரெண்டை எடுத்து வாயோட வாய் வச்சுக் கட்டி உருண்டை ஆக்குங்கோ, நடுவில கப்சியூலை ரப்பர் பான்ட்டில தொங்கவிடுங்கோ, சுத்தி ஒண்டரை சென்ரிமீற்றராவது வெறும் இடம் இருக்கட்டும். மேல மயிர் நீண்ட பொம்மைத் துணி போர்த்துங்கோ, மயிர் வெளிப்பக்கம். வாயை ஊதினால் துணிக்குப் பின்னால மூச்சு உணரவேணும், இல்லாட்டி அது தடிப்புக் கூட, முதுகுத் துளையையும் அடைச்சுப் போடும். 150 ஹேர்ட்ஸுக்குக் கீழ வெட்டி விடுங்கோ, அப்பாவுக்கு அதில தேவையான கதை ஒண்டும் இல்லை.

ஓய்வுபெற்ற பௌதிகவியல்:

அந்த வெட்டும் எல்லையை 200 ஹேர்ட்ஸில் வைத்துப் பாரும். மைக் வாய்க்கு மிகக் கிட்ட இருந்தால் இந்த வகைக் கப்சியூல் தாழ்ந்த சுருதியைத் தானே கூட்டிக் காட்டும், ஆகவே ஆளின் குரல் மெலியாது. மதிலில் இருக்கும்போது அப்பாவின் கூட்டாளிமார் முதுகைக் காத்துக்குக் காட்டி, அப்பாவைப் பார்த்து இருக்கட்டும். நான் பின்னேரம் ஐந்தரைக்கு அந்தப் பக்கம் நடப்பேன். வந்து பார்க்கிறேன்.